யாருக்காகத் தரப்பட்டது?



நம் இதழின் கடைசிப் பக்கத்தில் வரும் நன்றி அறிவித்தல்களை நீங்கள் ஒன்றுவிடாமல் படிக்கிறீர்கள் என்பது எனக்குத் தெரியும். கச்சதீவு அந்தோனியாருக்கும் சாட்டி சிந்தாத்திரை மாதாவுக்கும் யாழ்ப்பாணத் தீவகத்துப் பிள்ளைகள் எழுதி அனுப்பும் நன்றிகள் அவை. மகனுக்கு விசா கிடைத்தது. மகளுக்குப் பல்கலைக்கழக அனுமதி கிடைத்தது. சத்திரசிகிச்சை நல்லபடி முடிந்தது. புதுப் படகு கடலில் இறங்கியது. பாரிசிலோ ரொறன்ரோவிலோ ஒரு வீடு வாங்கியாயிற்று. ஆண்டவர் எங்களை ஆசீர்வதித்தார் என்று ஒவ்வொரு அறிவித்தலும் முடிகிறது. அவற்றை அச்சுக்கு ஒழுங்கு செய்யும்போது மனம் நிறைந்துபோகிறது. கேட்டது கைக்கு வந்தபிறகும் கொடுத்தவரை மறவாமல் இருப்பது சின்ன விஷயமில்லை. பத்துத் தொழுநோயாளர் குணமடைந்தபோது திரும்பி வந்து நன்றி சொன்னவர் ஒருவர்தான், அவரும் சமாரியர் என்று லூக்கா எழுதி வைத்திருக்கிறார்.

ஆனால் அதே பக்கத்தை வேறொரு வீட்டிலும் படிக்கிறார்கள். மகனின் விசா மறுபடியும் மறுக்கப்பட்ட வீடு அது. நவநாள் முழுவதும் முழந்தாளில் நின்றும் நோயாளி பிழைக்காத வீடு. கடலுக்குப் போன படகு வலையில்லாமல் திரும்பிய வீடு. அங்கேயும் செபமாலை சொல்கிறார்கள். அங்கேயும் அந்தோனியாரின் சுருவத்துக்கு முன்னால் மெழுகுதிரி எரிகிறது. அந்த வீட்டுத் தாய் நம் நன்றிப் பக்கத்தைப் படித்து முடித்தபின் என்ன நினைப்பார்? கிடைத்தவர்கள் ஆசீர்வதிக்கப்பட்டவர்கள் என்றால் கிடைக்காத நான் யார் என்று அவர் கேட்டால் நாம் என்ன பதில் சொல்வது? இந்த மாதம் உங்களோடு இதைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

தீவகத்தில் இந்தக் கேள்வி வெறும் ஞானோபதேச வகுப்புக் கேள்வி இல்லை. 1990இல் போர் காரணமாக இந்தத் தீவுகளின் மக்களில் பெரும்பகுதியினர் வீடு வாசலை விட்டு வெளியேறினார்கள். பலர் திரும்பவேயில்லை. வேலணையிலும் புங்குடுதீவிலும் ஊர்காவற்றுறையிலும் கூரை விழுந்து, முற்றத்தில் பற்றை மூடிக் கிடக்கும் கல்வீடுகளை இன்றும் காணலாம். அந்த வீடுகளும் ஒருநாள் குருவானவர் வந்து தீர்த்தம் தெளித்து மந்திரித்த வீடுகள்தான். குடிபுகுந்த நாளில் ஆண்டவர் எங்களை ஆசீர்வதித்தார் என்று அவர்களும் சொல்லியிருப்பார்கள். வீடு போனபோது ஆசீர்வாதமும் போய்விட்டதா? வீட்டிலும் விசாவிலும் வங்கிப் புத்தகத்திலும் ஆசீர்வாதத்தை வைத்துப் பார்த்தால், ஆம் என்றுதான் சொல்ல வேண்டிவரும். வேதாகமம் அப்படிச் சொல்லவில்லை. நம் தீவுகளின் கதையும் அப்படிச் சொல்லவில்லை.

சாட்டிக்குப் போய்ச் சிந்தாத்திரை மாதாவின் முன்னால் நிற்கும் தாய்மாரை நினைத்துப் பாருங்கள். கடல் வழி போகிறவர்களைக் காப்பவள் என்று நம் முன்னோர் அவளைக் கும்பிட்டார்கள். பெண்களுக்குள் ஆசீர்வதிக்கப்பட்டவள் என்று எலிசபெத்து வாழ்த்தியது இந்த மரியாளைத்தான். அந்த வாழ்த்தைப் பெற்றவளுக்கு என்ன கிடைத்தது? பிள்ளைப்பேற்றுக்கு ஒரு மாட்டுத் தொழுவம். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓட்டம். ஆலயத்தில் கிழவர் சிமியோனின் வாயிலிருந்து, உன் உள்ளத்தை வாள் ஊடுருவும் என்ற முன்னறிவிப்பு. கடைசியில் மகனைக் கொன்ற சிலுவையின் அடியில் நிற்கிற நிலை. வரலாற்றில் மிக அதிகமாக ஆசீர்வதிக்கப்பட்ட பெண் என்று திருச்சபை கொண்டாடுகிறவள் பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு தாய். காணாமலாக்கப்பட்ட மகனின் படத்தை மார்போடு அணைத்துக்கொண்டு தெருவோரம் ஆண்டுக்கணக்காக இருக்கும் நம் தாய்மாரைப் பார்த்து, ஆண்டவர் இவர்களைக் கைவிட்டுவிட்டார் என்று நினைக்கத் தோன்றும்போதெல்லாம் இந்த மரியாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

மலைப்பொழிவையும் அதே கண்ணால் பாருங்கள். மத்தேயு நற்செய்தியில் அதற்குச் சற்று முன்னால்தான் இயேசு கலிலேயக் கடலோரத்தில் வலை வீசிக்கொண்டிருந்தவர்களையும் வலை பழுது பார்த்துக்கொண்டிருந்தவர்களையும் அழைத்தார். மலையில் அவரைச் சூழ்ந்திருந்தவர்கள் அந்தக் கரையோரச் சனங்கள். அந்நியப் படையின் ஆட்சிக்குள் வரி கட்டி வாழ்ந்தவர்கள். அவர்களைப் பார்த்து அவர் யாரையெல்லாம் பேறுபெற்றவர்கள் என்றார்? தமக்கென்று எதுவும் இல்லாமல் ஆண்டவரையே நம்பி இருப்பவர்களை. அழுதுகொண்டிருப்பவர்களை. சாந்தமானவர்களை. நீதிக்காகப் பசித்துத் தவிப்பவர்களை. இரக்கமுள்ளவர்களை. கள்ளமில்லாத மனத்தோரை. சமாதானத்துக்காக இடையில் போய் நிற்பவர்களை. நீதியின் பொருட்டு அடிபடுகிறவர்களை. இந்தப் பட்டியலில் ஒருவர்கூட ஏதோ ஒன்றைப் பெற்றதற்காகப் பேறுபெற்றவர் ஆகவில்லை. ஆண்டவரை நோக்கியும் அயலவரை நோக்கியும் எப்படித் திரும்பி நிற்கிறார்கள் என்பதே அங்கே கணக்கு. நாம் கிறிஸ்தவ நற்பண்புகள் என்று சொல்பவையெல்லாம் அந்தத் திரும்பி நிற்றலின் பெயர்கள்தான்.

ஆபிரகாமுக்கு ஆண்டவர் கொடுத்த முதல் ஆசீர்வாதத்தையும் பாருங்கள். உன்னை ஆசீர்வதிப்பேன் என்பதோடு அது நின்றுவிடவில்லை. உன் வழியாக மண்ணின் குடும்பங்கள் எல்லாம் ஆசி பெறும் என்பது அதன் மறுபாதி. முதல் பாதியை மட்டும் நாம் படம் போட்டுச் சுவரில் மாட்டிவிட்டு மறுபாதியை மறந்துபோகிறோம். ஆபிரகாமின் பேரன் யாக்கோபு மறுபாதியை நினையாமல் அண்ணனுக்குரிய ஆசியைத் தந்திரமாகப் பறித்தார். அதனால் அவர் அடைந்தது ஒரு நீண்ட தலைமறைவு வாழ்க்கை. பிறகு யாபோக்கு ஆற்றங்கரையில் இரவெல்லாம் போராடி அவர் உண்மையான ஆசியைப் பெற்றபோது, தொடைச் சந்து விலகி நொண்டிக்கொண்டே விடியலில் நடந்தார். நொண்டிக்கொண்டு போய் அவர் செய்த முதல் வேலை, அண்ணனின் காலில் விழுந்து சமாதானமானது.

நயினாதீவு வாசகர்கள் இந்த இடத்தில் என்னோடு சேர்ந்துகொள்ள வேண்டும், ஏனென்றால் இதே உண்மையைச் சொல்லும் இன்னொரு கதையை நம் மொழி உங்கள் தீவில் வைத்துச் சொல்லியிருக்கிறது. சாத்தனாரின் மணிமேகலையில் வரும் மணிபல்லவம் நயினாதீவே என்று பலர் கொள்கிறார்கள். ஆபுத்திரன் என்பவனுக்கு மதுரையில் சிந்தாதேவி ஓர் அட்சய பாத்திரம் கொடுத்தாள். எடுக்க எடுக்கக் குறையாத அமுதசுரபி. அவனும் பசித்தவர்க்கெல்லாம் ஊட்டினான். பிறகு நாட்டில் மழை பொழிந்து வளம் பெருகியதால் சாப்பாடு கேட்டு வருவாரில்லை. சாவக நாட்டில் பஞ்சம் என்று கேள்விப்பட்டு அவன் கப்பலேறினான். புயல் காரணமாகக் கப்பல் மணிபல்லவத்தில் ஒதுங்கியது. அவன் கீழே இறங்கினான். அவன் ஏறிவிட்டான் என்று நினைத்துக் கப்பல் போய்விட்டது. ஆளில்லாத தீவில் குறையாத சோற்றுப் பாத்திரத்தோடு தனித்துப்போனான். தன் ஒரு வயிற்றை மட்டும் நிரப்ப அந்தப் பாத்திரத்தைச் சுமந்துகொண்டிருக்க அவனுக்கு மனம் ஒப்பவில்லை. ஆண்டுக்கு ஒருமுறை மேலே எழுந்து அருளுள்ளம் உடையவர் கையில் சேர் என்று சொல்லிக் கோமுகிப் பொய்கையில் அதை விட்டான். தான் உண்ணாதிருந்து உயிர் துறந்தான்.

ஒரு கிறிஸ்தவனாக இந்தக் கதையைப் படிக்கும்போதெல்லாம் என் மனம் நின்றுபோகிறது. அவனிடம் இருந்தது ஒருபோதும் குறையாத வரம். நாம் கேட்கிற எந்த ஆசீர்வாதத்தையும் விடப் பெரியது. ஆனால் கொடுக்க ஆளில்லாத இடத்தில் அவனுக்கு அது சோறாகவே தெரியவில்லை. பிறகு அந்தப் பாத்திரம் மணிமேகலையின் கைக்கு வந்தது. ஆதிரை அதில் முதல் பிச்சையிட்டாள். மணிமேகலை பசித்தோரைத் தேடிப் போனாள். சோழனின் சிறைக்கூடத்தையே அறக்கோட்டமாக மாற்றச் செய்தாள். இன்றும் நயினாதீவு நாகபூசணி அம்மன் கோவிலில் அன்னதான மண்டபத்துக்கு அமுதசுரபி என்றே பெயர். குறிகாட்டுவானில் படகேறி வருகிற எவரும், என்ன சமயம் என்று கேட்கப்படாமல், அங்கே பந்தியில் உட்காரலாம். கலிலேயக் கடலோரத்தில் ஒரு சிறுவன் ஐந்து வாற்கோதுமை அப்பங்களையும் இரண்டு மீன்களையும் கொடுத்தபோது நடந்ததும் அதுதான். அந்தப் பொதியை அவன் தனக்கென்று வைத்துக்கொண்டிருந்தால் ஒரு நேரச் சாப்பாடு. கொடுத்ததால் ஐயாயிரம் பேரின் சாப்பாடு.

கிறிஸ்தவம் நம் கரைகளில் நிலைத்த கதையும் இப்படிக் கொடுத்தவர்களின் கதைதான். 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் கைக்குப் போனபின் கத்தோலிக்க வழிபாடு தடைசெய்யப்பட்டது. கோவாவிலிருந்து 1687இல் யோசேவ் வாஸ் அடிகளார் வந்தபோது குருவாக வரவில்லை. கிழிந்த உடையோடு, கழுத்தில் ஒரு செபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை கேட்டார். அந்தச் செபமாலையை அடையாளம் கண்ட கண்களைப் பார்த்து, இது நம்மவர் வீடு என்று தெரிந்துகொண்டார். சில்லாலையில் தங்கி இரவுகளில் பூசை வைத்தார். திருச்சபை அவரை 1995இல் அருளாளர் என்றும் 2015 ஜனவரி 14ஆம் திகதி காலிமுகத்திடலில் புனிதர் என்றும் அறிவித்தது. கையேந்தி நின்ற ஒருவர் மூலமாகத்தான் நம் முன்னோருக்கு அந்த இருண்ட காலத்தில் ஆசி வந்தது.

இனிக் கச்சதீவுக்கு வருகிறேன். நம் நன்றி அறிவித்தல்களில் பாதி அந்தத் தீவை நோக்கித்தான் போகின்றன. 285 ஏக்கர் நிலம். குடிதண்ணீர் இல்லை. குடியிருப்பார் இல்லை. நெடுந்தீவிலிருந்தும் இராமேஸ்வரத்திலிருந்தும் ஏறக்குறையப் பத்துப் பன்னிரண்டு மைல். தொண்டிக்குப் பக்கத்திலுள்ள நம்புதாளையைச் சேர்ந்த ஒரு மீனவர்தான் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே அந்தோனியாருக்குக் கோவில் கட்டினார் என்பது இரு கரையாரும் சொல்லும் வரலாறு. நெடுந்தீவுப் பங்குத்தந்தையே அதைப் பார்த்துக்கொள்கிறார். 1974இல் இரு நாட்டு அரசுகளும் எல்லை வகுத்தபோதும், இந்தியாவிலிருந்து வரும் யாத்திரிகர் கடவுச்சீட்டோ விசாவோ இல்லாமல் அந்தத் தீவுக்கு வந்துபோகலாம் என்று ஒப்பந்தத்தில் எழுதினார்கள். போர்க்காலத்தில் திருநாள் நின்றது. பிறகு மீண்டும் தொடங்கியது. 2016 டிசம்பரில் புதிய கோவில் அபிஷேகம் செய்யப்பட்டது. தவக்காலத்தை ஒட்டி வரும் அந்த இரண்டு நாட்களில் கொடியேறும், சிலுவைப்பாதை நடக்கும், இரவில் அந்தோனியார் பவனி வருவார், மறுநாள் காலையில் யாழ்ப்பாண மறைமாவட்டத்தின் குருக்களும் சிவகங்கை மறைமாவட்டத்தின் குருக்களும் சேர்ந்து பூசை ஒப்புக்கொடுப்பார்கள். ஒருவர் தண்ணீர்ப் போத்தலை நீட்ட, எந்தக் கரைக்காரர் என்று பாராமல் மற்றவர் வாங்கிக் குடிப்பார்.

அந்த இரண்டு நாட்கள் முடிந்தபின் நடப்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். இராமேஸ்வரம் பக்கத்து இழுவைப் படகுகள் எல்லை தாண்டி வருகின்றன. நெடுந்தீவு, எழுவைதீவு, அனலைதீவுப் பிள்ளைகள் கடன்பட்டு வாங்கிய வலைகளை அவை அறுத்துக்கொண்டு போகின்றன. கடலின் அடியை வழித்து, முட்டையும் குஞ்சுமாக அள்ளுகின்றன. கடற்படை பிடிக்கிறது. பிடிபட்டவர்கள் ஊர்காவற்றுறை நீதவான் நீதிமன்றத்தில் நிறுத்தப்படுகிறார்கள். அந்தோனியாருக்கு முன்னால் பக்கத்தில் பக்கத்தில் முழந்தாளிட்டவர்களில் ஒருவர் முறைப்பாட்டுக்காரராகவும் மற்றவர் குற்றவாளியாகவும் ஆகிறார்கள். 2024இல் தங்கள் படகோட்டிகள் சிறையிடப்பட்டதைக் கண்டித்து இராமேஸ்வரம் மீனவர்கள் திருநாளுக்கே வராமல் இருந்தார்கள்.

இங்கே நற்பண்பு என்பதைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகப் பேச வேண்டும். அன்பு என்றால் எல்லாவற்றையும் பொறுத்துப் போவது என்று நாம் பலமுறை பிழையாகப் பழக்கப்பட்டிருக்கிறோம். திருச்சபை விசுவாசம், நம்பிக்கை, தேவசிநேகம் என்ற மூன்றையும் சொல்லும்போதே, விவேகம், நீதி, மனத்திடம், தன்னடக்கம் என்ற நான்கையும் சேர்த்தே சொல்லித் தந்தது. அவற்றில் நீதி என்பது ஒவ்வொருவருக்கும் உரியதை அவரவருக்குக் கொடுப்பது. அடிக்கடல் இழுவை நம் பிள்ளைகளுக்கு உரியதை எடுக்கிறது. நாளை பிறக்கப்போகிற இரு கரைப் பிள்ளைகளுக்கும் உரியதை எடுக்கிறது. இலங்கை 2017இல் சட்டம் போட்டுத் தன் கடலில் அதைத் தடைசெய்தது. அந்தத் தொழில் நிற்கத்தான் வேண்டும். நிற்க வேண்டும் என்று சொல்வது பகை இல்லை. அந்தச் சட்டம் நம்முடைய கரையில் இழுவைமடி வைத்திருப்பவர்களுக்கும் பொருந்தும் என்று சொல்வதும் அதே நீதிதான். அயலவரைக் கண்டிப்பவர் தன் மடியையும் கரையில் ஏற்றிவிட்டுப் பேச வேண்டும்.

அதே நேரம், நீதிமன்றக் கூண்டில் நிற்கிறவர் பெரும்பாலும் படகுச் சொந்தக்காரர் இல்லை. கூலிக்கு ஏறியவர். அவருக்கும் வீட்டில் கடன். அவருடைய வீட்டிலும் அந்தோனியார் படம். நாம் கும்பிடுகிற அந்தோனியார் இந்த இடத்தில் என்ன செய்தார் என்று பலருக்குத் தெரியாது. லிஸ்பனில் பிறந்து பாதுவாவில் போதித்த அவர், காணாமற்போனதைக் கண்டுபிடித்துத் தருபவர், மீன்களுக்குப் பிரசங்கம் வைத்தவர் என்று மட்டும்தான் நமக்குள் பேச்சு. அவருடைய காலத்தில் பாதுவாவில் கடனைக் கட்ட முடியாதவர்களைச் சிறையில் போட்டு வைத்திருந்தார்கள். அவர் கந்துவட்டிக்காரர்களுக்கு எதிராகக் கடுமையாகப் போதித்தார். 1231 மார்ச் மாதம், அவருடைய வேண்டுதலின் பேரில், தன் உடைமைகளை எல்லாம் கடன் கொடுத்தவருக்கு விட்டுக்கொடுத்தவரை மேற்கொண்டு சிறையிடக்கூடாது என்று அந்த நகரம் சட்டம் இயற்றியது. மூன்று மாதத்தில், ஜூன் 13ஆம் திகதி, அவர் காலமானார். அவர் வாழ்வின் கடைசிக் காரியங்களில் ஒன்று கடன்பட்ட ஏழைகளுக்காக ஒரு சட்டம். அந்தப் புனிதரிடம் விசாவுக்கு நேர்த்தி வைக்கிற நாம், இரு கரையிலும் கடனில் மூழ்கிய மீனவக் குடும்பங்களுக்காகவும் அவரிடம் கேட்க வேண்டாமா? நம் சங்கங்களும் அவர்கள் சங்கங்களும் இருந்து பேசும் பேச்சு முறிந்துபோகும் ஒவ்வொரு முறையும், திருநாள் நாளில் தண்ணீர் பகிர்ந்த அந்த இரு கைகளையும் நினைத்து மீண்டும் கூப்பிடும் விவேகம் நமக்கு வேண்டாமா?

தன்னடக்கம் நம் முன்னோருக்குப் பழக்கமான பண்புதான். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாத கத்தோலிக்க ஊர்கள் நம்மிடம் இன்னும் இருக்கின்றன. வலைக்கும் ஆளுக்கும் கடலுக்கும் ஒருநாள் ஓய்வு. நெடுந்தீவில் நல்ல தண்ணீர்க் கிணறு எல்லா வளவிலும் இல்லை. கிணறு உள்ள வீடு அயலுக்குக் கதவைத் திறந்து வைத்திருப்பது அங்கே ஊர் வழக்கம். மனத்திடத்துக்கு அந்தத் தீவு வேறு சாட்சி தேடவேண்டியதில்லை. 1985 மே 15ஆம் திகதி நெடுந்தீவிலிருந்து குறிகாட்டுவானுக்கு வந்துகொண்டிருந்த குமுதினிப் படகில் பயணிகள் குழந்தைகளும் பெண்களுமாக வெட்டிக் கொல்லப்பட்டார்கள். நெடுந்தீவு மக்கள் தங்கள் இறந்தோரை அடக்கம் செய்தார்கள். பின்னர் அதே குமுதினியில் ஏறி அதே கடலைக் கடந்தார்கள். ஆண்டுதோறும் அந்த நாளில் இறந்தோரை நினைவுகூருகிறார்கள்.

அல்லைப்பிட்டியையும் சொல்லாமல் இருக்க முடியாது. 2006 ஆகஸ்ட் 13ஆம் திகதி அதிகாலை, மக்கள் தஞ்சம் புகுந்திருந்த அல்லைப்பிட்டி புனித பிலிப்பு நேரியார் ஆலயத்தின் மீது எறிகணைகள் விழுந்தன. பலர் இறந்தார்கள். பங்குத்தந்தை ஜிம் பிறவுண் அடிகளார் காயப்பட்டவர்களையும் எஞ்சிய மக்களையும் ஊர்காவற்றுறைக்குக் கொண்டு சேர்க்க ஓடித் திரிந்தார். ஒரு கிழமை கழித்து, ஆகஸ்ட் 20ஆம் திகதி, அல்லைப்பிட்டிச் சோதனைச் சாவடியருகே அவரும் கூடச் சென்ற குடும்பஸ்தர் ஒருவரும் கடைசியாகக் காணப்பட்டார்கள். அதன்பின் இருவரையும் யாரும் காணவில்லை. அந்த இளம் குருவுக்கு என்ன நடந்தது என்று திருச்சபையும் அவருடைய பெற்றோரும் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். பதில் வரவில்லை. நீதிக்காகப் பசித்திருப்பவர்களை இயேசு எதற்காகப் பேறுபெற்றவர்களின் வரிசையில் வைத்தார் என்பதை நான் அல்லைப்பிட்டியை வைத்துத்தான் விளங்கிக்கொள்கிறேன். அந்தப் பசி ஆறவில்லை. ஆறாத பசியோடு இருப்பவர்களின் பக்கத்தில் ஆண்டவர் இருக்கிறார் என்பதே நம் விசுவாசம். அவர்களோடு நாமும் இருக்கிறோமா என்பதே நம்மிடம் கேட்கப்படும் கேள்வி.

துயரத்தை மட்டும் சொல்லி முடித்தால் தீவகத்துக்கு நியாயம் செய்தவன் ஆகமாட்டேன். கரம்பொன்னுக்கு வாருங்கள். 1913 ஆகஸ்ட் 2ஆம் திகதி அங்கே பிறந்த தனிநாயகம் அடிகளார் ஊர்காவற்றுறை அந்தோனியார் கல்லூரியில் படித்து, யாழ்ப்பாணம் பத்திரிசியார் கல்லூரி வழியாக உரோமாபுரி வரை போனவர். அங்கே குருப்பட்டம் பெற்று, மூன்றாம் நூற்றாண்டுக் கார்த்தேஜ் திருச்சபையைப் பற்றி ஆய்வு செய்து முனைவர் பட்டம் வாங்கினார். இலத்தீனும் இத்தாலியனும் போர்த்துக்கேயமும் தெரிந்த அந்தக் குரு, நெல்லைச் சீமையில் வடக்கன்குளம் பாடசாலைக்குப் பணியாற்ற வந்தபோது, தன் தாய்மொழியின் இலக்கியம் தனக்குப் போதாது என்று உணர்ந்து ஒரு பண்டிதரிடம் மாணவராக உட்கார்ந்தார். முப்பதை நெருங்கிய வயதில், ஊரே வணக்கம் சொல்லும் அங்கியோடு, அந்தப் பண்டிதரின் முன்னால் சங்க நூல்களைப் பாடம் கேட்டார். தாழ்ச்சி என்ற பண்புக்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல எடுத்துக்காட்டு இதுதான். பிறகு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் படித்து, 1952இல் தமிழ்க் கல்சர் என்ற ஆங்கில ஏட்டைத் தொடங்கி, நாடு நாடாகப் போய்த் தமிழைப் பற்றிப் பேசினார். 1964 ஜனவரியில் புதுதில்லியில் உலகத் தமிழாராய்ச்சி மன்றம் உருவாக முன்னின்று உழைத்தார். 1966இல் கோலாலம்பூரில் முதல் மாநாட்டை நடத்திக் காட்டினார். மன்றத்தின் தலைமையில் பிரெஞ்சு அறிஞர் பிலியோசாவை இருத்திவிட்டுத் தான் செயலாளர் வேலையைச் செய்தார். தனக்குக் கிடைத்த கல்வியையெல்லாம் ஒரு மொழிக்காகவும், அந்த மொழி பேசும் எல்லாச் சமயத்தாருக்காகவும் செலவழித்துவிட்டு, 1980 செப்டெம்பர் 1ஆம் திகதி அவர் கண்மூடினார்.

தனிநாயகம் அடிகளாருக்கு ஆண்டவர் கல்வியைக் கொடுத்தார். அது யாருக்காகத் தரப்பட்டது என்று அவர் கேட்டுக்கொண்டார். அல்லைப்பிட்டிப் பங்குத்தந்தைக்கு ஒரு கோவில் தரப்பட்டது. யாருக்காக என்று அவர் கேட்டுக்கொண்டார். உங்களுக்கும் எனக்கும் ஏதோ ஒன்று தரப்பட்டிருக்கிறது. புலம்பெயர்ந்து வாழும் வாசகர்களே, உங்கள் விசாவும் வேலையும் வீடும் மெய்யாகவே ஆண்டவரின் கொடைகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. நீங்கள் ஊர்க் கோவில்களுக்கு அனுப்புகிற பணத்தால் கோபுரங்கள் உயர்ந்திருக்கின்றன. மணிகள் புதிதாக ஒலிக்கின்றன. நன்றி. இனி, அந்தக் கோவில்களின் நிழலில் தனியாக இருக்கும் கிழவர்களையும் பாருங்கள். பிள்ளைகள் எல்லோரும் வெளிநாட்டில், கதைக்க ஆளில்லாத வயோதிபர்கள் தீவகத்தில் நிறையப் பேர். ஆசிரியர் இல்லாமல் வகுப்பு நடக்கிற சிறிய பாடசாலைகள் இருக்கின்றன. இரவில் நோய் கூடினால் கடலைப் பார்த்துக் காத்திருக்கிற நெடுந்தீவு, அனலைதீவு நோயாளர்கள் இருக்கிறார்கள். உங்கள் ஊர் ஒன்றியக் கூட்டத்தில் அடுத்த முறை கணக்கு வாசிக்கப்படும்போது, கோபுரத்துக்கு எவ்வளவு, இவர்களுக்கு எவ்வளவு என்று ஒருவர் எழுந்து கேளுங்கள். ஊரில் இருப்பவர்களும் கேட்டுக்கொள்ளுங்கள். கிணறும் நேரமும் படித்த படிப்பும் பணத்துக்குக் குறைந்த கொடைகள் இல்லை.

நம் நன்றிப் பக்கத்தைப் பற்றி ஒரு முடிவு எடுத்திருக்கிறோம். அடுத்த இதழிலிருந்து நன்றி அறிவித்தல் அனுப்புகிறவர்கள், பெற்ற நன்மையோடு இன்னொரு வரியையும் சேர்த்து அனுப்புங்கள்: அந்த நன்மையிலிருந்து யாருக்கு என்ன செய்தீர்கள் என்று. உங்கள் பெயரைப் போடமாட்டோம். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரியவேண்டாம் என்பது ஆண்டவரின் கட்டளை. ஊரின் பெயர் மட்டும் போதும். அதைப் படிக்கிற இன்னொருவருக்கு, தானும் செய்யலாமே என்று தோன்றும்.

கேட்டது கிடைக்காதவர்களும் எழுதுங்கள். விசா வராதவர்கள், நோய் தீராதவர்கள், பிள்ளையைத் தேடிக்கொண்டிருப்பவர்கள், வலை இழந்தவர்கள் எல்லோரும் எழுதுங்கள். அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில், உங்கள் வேண்டுதலையும் அச்சிடுவோம். அதைப் படிக்கும் ஒவ்வொரு வீடும் அன்றிரவு செபமாலையில் ஒரு பத்து மணியை உங்களுக்காகச் சொல்ல வேண்டும் என்று எல்லா வாசகர்களையும் கேட்டுக்கொள்கிறேன். கடிதங்கள் இந்த மாத இறுதிக்குள் எங்களுக்குக் கிடைக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்